உருகி உரைத்த உண்மை

நம் மேசை இழுப்பறையிலே ஒரு துண்டுத் துணி இருக்கிறது. கைக்குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணி. முழ நீளமும் இராது. அதன் நடுவே, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறிய கருகல். பட்டச் சான்றிதழை வைத்திருக்கும் அதே இழுப்பறையிலேதான் அதையும் வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்பீர்கள். சான்றிதழ் நாம் கற்றதைச் சொல்லுகிறது. இந்தத் துணி, நாம் கற்காததைச் சொல்லுகிறது.

தோழர்களே! கதை பெரிதல்ல. துணி உலர்த்தும் பொறி ஒன்று அளவுக்கு மீறிச் சூடேறியது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சூட்டுக்குக் காரணம் தேடப் புகுந்தபோது, பொறியின் பழுதைக் கண்டதோடு நம் பழுதையும் கண்டோம். அதை மறைக்காமல் எழுதுவதே முறை என்று எண்ணி எழுதுகிறோம்.

கடலூர்ப் பக்கம் வாழ்பவர்க்கு ஐப்பசி, கார்த்திகை எப்படிப்பட்ட மாதங்கள் என்று எடுத்துரைக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், நாலு நாள் ஐந்து நாள் கதிரவன் முகம் காட்டான். கொடியிலே போட்ட துணி காயாது. காயாத துணியிலே வாடை. வாடை வீசும் துணியைக் கட்டினால் குழந்தையின் தொடையிலே செந்தடிப்பு. சென்ற ஆண்டு அந்த மழைக்காலத்தில், தங்கை பிள்ளைப்பேற்றுக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். பிறந்து நாற்பதே நாளான பெண்குழந்தை. ஒரு நாளைக்கு இருபது துணிக்குக் குறையாது.

துவைப்பவர் அம்மா. பிழிபவர் அம்மா. கூடத்திலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி உலர்த்துபவரும் அம்மா. நள்ளிரவிலே எழுந்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஈரம் போக்குபவரும் அம்மாவேதான். முழங்கால் மூட்டிலே வலி. விரல் கணுக்களிலே வீக்கம். நாமோ, பெண்ணுரிமை பற்றிப் பேசு என்றால் ஒரு மணி நேரம் ஓயாமல் பேசுவோம். பிழிந்த துணியை ஒரு நாளேனும் அவர் கையிலிருந்து வாங்கி உதறிப் போட்டோமா? இல்லை! ஒருநாள் இரவு, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே அவர் கண்ணயர்ந்திருப்பதைக் கண்டோம். அன்றுதான் உறைத்தது. உறைத்ததும் என்ன செய்தோம்? வேலையில் பங்கு கேட்கவில்லை. பொறி ஒன்று வாங்கினோம்! வேற்றூர் செல்லும் குடும்பம் ஒன்று விற்ற பழைய பொறி. டிரையர் என்று கடைத்தெருவிலே சொல்லுகிறார்களே, அதுதான்.

அந்தப் பொறிக்கும் ஒரு வரலாறு உண்டு. வரலாற்று ஆசிரியராகிய நாம் அதைச் சொல்லாமல் விடுவோமா? ஏறத்தாழ 1800ஆம் ஆண்டிலே, பிரான்சு நாட்டிலே போஷோன் என்பவர், துளையிட்ட உருளைக்குள் ஈரத்துணியைப் போட்டு, நெருப்புக்கு மேலே கையால் சுற்றி உலர்த்தும் கருவியைச் செய்தார். 1892ஆம் ஆண்டு, அமெரிக்கக் கறுப்பினத்தைச் சேர்ந்த ஜார்ஜ் டி. சாம்ப்சன், அடுப்பின் வெப்பத்தைக் கொண்டே துணி உலர்த்தும் சட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர், பனிக்காலத்தில் வெளியே துணி உலர்த்துவது பெரும்பாடாக இருந்த வடக்கு டகோட்டாவிலே, ஜே. ராஸ் மூர் என்பவர் சுழலும் உருளையைச் சூட்டோடு இணைத்தார். அவருடைய முயற்சியின் பயனாய் 1938இல் பொறி விற்பனைக்கு வந்தது. கதிரவன் வராத நாளிலும் துணி உலர வேண்டும் என்ற தேவைதான் இத்தனைக்கும் தாய்.

பொறி வேலை செய்யும் முறை மிக எளிது. உள்ளே ஓர் உருளை சுழலும். மின்சாரத்தால் பழுக்கக் காயும் கம்பிச் சுருள் காற்றைச் சூடாக்கும். விசிறி, அந்தச் சூடான காற்றை ஈரத்துணிகளின் ஊடே இழுத்து, ஈரத்தையும் சேர்த்து, குழாய் வழியாக வெளியே தள்ளும். துணியிலிருந்து உதிரும் பஞ்சை வழியிலே ஒரு வலை பிடித்து வைக்கும். நாம் பின்கட்டுச் சுவரிலே துளையிட்டுக் குழாயை வெளியே விட்டோம். வெளியே வாழை மரம். ஒரு மணி நேரத்திலே துணி உலர்ந்தது. அம்மா உறங்கினார். நாம் பெருமிதத்தோடு உலவினோம்.

மூன்று வாரம் சென்றது. ஒரு மணி நேரம் ஒன்றரை ஆயிற்று, ஒன்றரை இரண்டாயிற்று. நேரமோ நீண்டது, சூடோ கூடியது! பொறியின் மேற்பலகையிலே கை வைக்க முடியவில்லை. துணியை எடுத்தால் விரல் சுட்டது. ஆனால் மடிப்பிலே ஈரம் இருந்தது. சூடு கூடினால் விரைவிலே உலர வேண்டுமே, ஏன் தாமதம் என்று நாம் சிந்தித்திருக்க வேண்டும். சிந்திக்கவில்லை. "பழைய பொறி, அப்படித்தான் இருக்கும்" என்றோம்.

அம்மா ஒருநாள் சொன்னார்: "தம்பி, முன்னெல்லாம் இது ஓடினா, வெளியில அந்த வாழையிலை படபடன்னு ஆடும். இப்போ ஆடவே இல்லையே, பாரேன்."

"இலைக்கும் பொறிக்கும் என்னம்மா தொடர்பு? மழையில் நனைந்து கனத்திருக்கும்" என்றோம். நூலிலிருந்து தலைகூட நிமிரவில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர் அம்மா. பட்டம் பெற்ற மகன் பதில் சொன்னதும், வாய் மூடிக்கொண்டார்.

அடுத்த இரண்டாம் நாள், பொறி ஓடியது. சூடு மட்டும் வரவில்லை. உருளை சுற்றியது, துணி நனைந்தபடியே கிடந்தது. அடுத்த வீட்டு அம்மையார் வந்து பார்த்தார். "பச்சைப் பிள்ளைத் துணி காயிற இடம், கண்ணு பட்டிருக்கும். ஒரு எலுமிச்சம்பழம் கட்டிப் பாருங்க தம்பி" என்றார். நகைத்தோம் நாம். மறுநாள் பள்ளியிலே நண்பர்களிடம் சொல்லியும் நகைத்தோம். மின்சாரப் பொறிக்கு எலுமிச்சம்பழமாம்!

பின், மின்பணியாளரை அழைத்தோம். அவர் பின்பலகையைக் கழற்றி, ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். "தெர்மல் ஃபியூஸ் போயிருச்சு சார். புதுசு வரவழைக்க ஒரு வாரம் ஆகும்" என்றார். ஒரு வாரமா! வெளியே மழை, வீட்டிலே குழந்தை. "எப்படியாவது சூடு வரச் செய்யுங்கள்" என்றோம். அவர் தயங்கினார். நாம் வற்புறுத்தினோம். ஒரு சிறு செம்புக் கம்பியை எடுத்து, இரண்டு முனைகளை நேராக இணைத்தார். சூடு வந்தது. நாம் மகிழ்ந்தோம், அவர் கேட்டதற்கு மேலேயும் கொடுத்தனுப்பினோம். அவரைக் குறை கூறமாட்டோம். அவரிடம் காரணத்தை நாம் கேட்கவில்லை, காரியத்தைத்தான் கேட்டோம்.

அந்தக் கம்பி என்ன செய்தது தெரியுமா? இத்தகைய பொறியிலே சூட்டுக்குக் காவலர் மூவர். காற்று வெளியேறும் வழியிலே இருக்கும் தெர்மோஸ்டாட் முதற்காவலர். சூடு கூடினால் மின்சாரத்தை நிறுத்தி, தணிந்தால் மீண்டும் விடுவார். கம்பிச் சுருளின் அருகே இருப்பவர் இரண்டாமவர். எல்லை கடந்தால் தடுப்பார். மூன்றாமவர்தான் வெப்ப உருகி. நம் வீட்டுச் சுவரிலே இருக்கும் ஃபியூஸ், மின்னோட்டம் மிகுந்தால் உருகும். இதுவோ, சுற்றியுள்ள வெப்பம் மிகுந்தால் உருகித் தொடர்பை அறுக்கும். ஒரு முறைதான் வேலை; அந்த ஒரு முறையிலே தன்னையே அழித்துக்கொண்டு வீட்டைக் காக்கும். நம் கம்பி, இரண்டாமவரையும் மூன்றாமவரையும் ஒருங்கே விலக்கிவிட்டது! முதற்காவலரோ, காற்று ஓடும் வழியிலே நிற்பவர். காற்றே ஓடாவிட்டால், சுருளின் அருகே மூளும் சூடு அவரை உரிய காலத்தில் எட்டாது.

மூன்று நாள் ஓட்டினோம். மூன்றாம் நாள் இரவு, தீய்ந்த நாற்றம். ஓடினோம். அம்மா நமக்கு முன்பே ஓடிச் சென்று செருகியைப் பிடுங்கி எறிந்திருந்தார். கதவைத் திறந்தால் முகத்திலே அனல். உள்ளே, அந்தத் துண்டுத் துணி, கருகி. சுவருக்கு அப்பால் நாலடி தூரத்திலே, தொட்டிலிலே, குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

தங்கை ஒன்றும் பேசவில்லை. குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, முன்கட்டுக்குப் போய்விட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்போம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னவரைக் கண்டு நகைத்தோமே, நாம் கட்டிய செம்புக் கம்பி அதைவிட எவ்வகையில் உயர்ந்தது? அவரும் காரணம் தேடவில்லை, நாமும் தேடவில்லை. எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் துணி நனைந்தபடி கிடந்திருக்கும், அவ்வளவே. நம் கம்பியோ வீட்டை எரிக்க வந்தது! அறிவியல் கருவியைக் கையிலே வைத்திருப்பது மட்டும் அறிவாகிவிடாது என்பதை, கருகிய துணி காட்டிற்று.

மறுநாள், நம் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரை அழைத்து வந்தோம். அவர் பொறியைத் தொடவில்லை; முதலிலே கேள்வி கேட்டார். "எப்போதிருந்து? எது முதலில் மாறியது, சூடா, நேரமா?" நாம் விழித்தோம். அம்மாதான் சொன்னார்: "முதல்ல நின்னது இலை ஆடுறதுங்க சார்." நண்பர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா சொல்வதிலே பாதி விடை இருக்கிறது" என்றார்.

கணக்கைக் காட்டினார். அந்தச் சுருள் 2000 வாட். காற்று ஓடினாலும் ஓடாவிட்டாலும், மின்சாரம் பாயும் வரையில் அது கக்கும் வெப்பம் அதே அளவுதான். எடுத்துச் செல்லும் காற்று பாதியானால், அந்தக் காற்றின் வெப்பநிலை உயர்வு இரு மடங்காகும். சூடும் கூடும், ஈரத்தைச் சுமந்து செல்லப் போதிய காற்று இல்லாததால் துணியும் உலராது. நமக்குப் புதிராக இருந்த இரண்டும் ஒரே காரணத்தின் இரு பிள்ளைகள்! "இத்தகைய பொறி சூடேறினால், முதலில் காற்றின் வழியைப் பார்க்க வேண்டும்; பிறகுதான் கம்பியும் கருவியும்" என்றார்.

செருகியைப் பிடுங்கியபின் தொடங்கினோம். முதலில் செம்புக் கம்பியை அகற்றினோம். அடுத்து வடிகட்டும் வலை. "நாள்தோறும் பஞ்சை எடுத்துவிடுகிறோமே, தூய்மையாகத்தான் இருக்கிறது" என்றோம். நண்பர் அதன்மேல் ஒரு குவளை நீரை ஊற்றினார். வலையிலே ஊற்றிய நீர் ஒழுகி ஓட வேண்டுமன்றோ? தேங்கி நின்றது! துணி மென்மையாக வேண்டும், மணக்க வேண்டும் என்று அலசும் நீரிலே விடும் திரவம், கண்ணுக்குத் தெரியாத படலமாக வலையின் துளைகளை அடைத்திருந்தது. வெந்நீரும் சவர்க்காரமும் மெல்லிய தூரிகையும் கொண்டு தேய்த்தோம். நீர் ஒழுகிற்று.

பிறகு, வெப்பச் சுருளுக்கு மின்சாரம் செல்லாதபடி விலக்கிவைத்து, விசிறியை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். சுவருக்கு வெளியே, குழாய் வாயிலே கை வைத்தால், காற்று மூச்சு விடுவதுபோல் வந்தது. நிறுத்திவிட்டு, பொறியின் பின்புறத்திலே குழாயைக் கழற்றி மீண்டும் ஓட்டினால், காற்று சீறி வந்தது! ஆக, அடைப்பு பொறிக்குள்ளே அன்று, குழாயிலே இருக்கிறது. இடத்தைப் பிடித்துவிட்டோம். பொறியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்ததால், குழாய் நசுங்கி மடிந்திருந்தது. அது ஒன்று. வெளி வாயிலைப் போய்ப் பார்த்தோம். அங்கே, கம்பளித் துண்டு போலக் கனத்த பஞ்சுப் படலம். எதன் மேல்? கொசுவலையின் மேல்!

அந்தக் கொசுவலையைக் கட்டியவர் யார்? நாமேதான். துளை வழியே கொசுவும் பல்லியும் வருகின்றன என்று, பொறி வந்த முதல் வாரத்திலேயே நம் கையால் கட்டினோம். வலை, பஞ்சைப் பிடித்தது, பஞ்சு, காற்றைப் பிடித்தது, காற்று நின்றதும் இலை நின்றது, சூடு மூண்டது, உருகி உருகிற்று. ஒவ்வொன்றும் உண்மையைச் சொல்லிற்று. வாழையிலை சொல்லிற்று, அம்மா சொன்னார், உருகி தன் உயிரைக் கொடுத்துச் சொல்லிற்று. இலையை நாம் பார்க்கவில்லை, அம்மாவின் வாயை அடைத்தோம், உருகியின் இடத்திலே கம்பியைக் கட்டினோம்.

எஞ்சியவற்றையும் ஆராய்ந்தோம். விசிறியைச் சுற்றியும் சுருளின் பெட்டியைச் சுற்றியும் கிடந்த பஞ்சை, தூரிகையால் வழித்தெடுத்தோம். 230 வோல்ட்டிலே 2000 வாட் என்றால், சுருளின் தடை சுமார் 26 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் அப்படியே காட்டிற்று. சுருள் தொய்ந்து பெட்டியைத் தொடுகிறதா என்று சோதித்தோம், தொடவில்லை. இன்னொன்றும் கண்டோம். அந்த 2000 வாட் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். நாமோ மெல்லிய நீட்டிப்பு வயரிலே செருகியிருந்தோம். அதன் முனை இளகி நிறம் மாறியிருந்தது. 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு நேராக மாற்றினோம். ஒரு வாரம் காத்திருந்து, அதே அளவுள்ள உருகியும் அதன் துணைத் தெர்மோஸ்டாட்டும் வந்தபின், அதே மின்பணியாளரைக் கொண்டு பொருத்தினோம். கொசுவலை குப்பைக்குப் போயிற்று. காற்று தள்ளினால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும் மூடி ஒன்றை வாயிலிலே வைத்தோம்.

காத்திருந்த அந்த ஒரு வாரம் துணியை உலர்த்தியது யார்? நாம். பிழிந்தோம், உதறினோம், கயிறு கட்டினோம், இரவிலே இஸ்திரிப் பெட்டி பிடித்தோம். மூன்றாம் நாளே இடுப்பு ஒடிந்தது. அம்மா இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்த வேலை!

இது நம் வீட்டிலே மட்டும் நேர்ந்த விபரீதம் என்று எண்ணாதீர்கள். அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம், 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்து, துணி உலர்த்தும் பொறிகளால் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் என்று கணக்கிட்டது. அவற்றிலே 34 விழுக்காட்டுக்கு முதன்மைக் காரணம், பொறியைத் தூய்மை செய்யாமை! 2016 ஆகஸ்டு மாதம், இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலே பதினெட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூண்ட தீயும் ஒரு வீட்டுத் துணி உலர்த்தியிலிருந்து எழுந்ததுதான்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இந்தப் பொறி இருந்தால், ஒவ்வொரு முறையும் வலையிலிருந்து பஞ்சை எடுங்கள். மாதம் ஒரு முறை நீர் ஊற்றிச் சோதியுங்கள். குழாய் நசுங்காமல், குட்டையாய், நேராய் இருக்கட்டும். வெளி வாயிலிலே வலை கட்டாதீர்கள். துணி உலர நேரம் நீண்டால், அதுவே முதல் எச்சரிக்கை. எண்ணெய் பட்ட துணியை உள்ளே இடாதீர்கள். ஆளில்லாத வேளையிலும் உறங்கும் வேளையிலும் ஓட்டாதீர்கள். உருகி போனால், புதியதைப் போடுமுன், ஏன் போயிற்று என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைக்காமல், எவர் வந்து எந்தக் கம்பியை நீட்டினாலும், நம்மைப்போல் கைதட்டி மகிழாதீர்கள்.

பொறி இப்போது ஒரு மணி பத்து நிமிடத்திலே துணியை உலர்த்துகிறது. ஒரு நாள் அம்மா போடுகிறார், மறுநாள் நாம். தங்கை, கணவர் வீட்டுக்குத் திரும்புமுன், குழந்தையின் துணியை அவளே எடுத்து வந்து பொறியிலே போட்டாள். அன்றுதான் நமக்கு நெஞ்சு லேசாயிற்று. அம்மாவிடம் அப்போதே சொன்னோம்: "அன்று நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், அம்மா." அவர் சிரித்தார். "வா, வந்து பாரு" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். வெளியே மழை ஓய்ந்திருந்தது. வாழையிலை படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் நின்று பார்த்தோம்.